சுண்ணாம்பு, செம்பு, ரெஜினா

படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுகிற அட்டையை எழுதுவது என் வேலை. ஓவியர் பெயர், படத்தின் பெயர், அளவு, ஊடகம். பதினெட்டு வருடங்களாக எழுதுகிறேன். "ஊடகம்: சுண்ணாம்புச் சாந்து, பருத்திச் சேலை, செம்புக் கம்பி, மின்மைப் படலம், ரெஜினா" என்று ஓர் அட்டையை எழுதியபோதும் எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

ரெஜினா எங்கள் காட்சிக்கூடத்தின் காவலாளி. நாற்பத்தாறு வயது. காசிமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, பத்து மணிக்கு முன்னால் ஆழ்வார்பேட்டைக்கு வந்துவிடுவார். காட்சிக்கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே முதல் மாடி. ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, மூலையில் என் அறை. ரெஜினா நீலச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு பெரிய அறையில் நிற்பார். படத்தைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. காவலாளி தங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் வருகிறவர்கள் சங்கடப்பட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள்.

அந்த வருடம் பொங்கலுக்கு அடுத்த வாரம் நன்மாறனின் கண்காட்சி தொடங்கியது. நன்மாறன் முப்பத்து நான்கு வயதுக்காரன். கோயம்புத்தூரில் கணினி படித்து, நான்கு வருடம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் ஓவியம் படித்தவன். ஒன்பது படங்கள் கொண்டுவந்தான். எட்டுப் படங்கள் சும்மா இருந்தன. ஒன்பதாவது மாறிக்கொண்டிருந்தது.

எட்டடி நீளம், நான்கடி உயரம். பலகையில் சுண்ணாம்புச் சாந்து பூசி, பழைய சேலைத் துணியை அதில் பதித்து, செம்புக் கம்பியால் தைத்திருந்தான். அதன் மேல், புத்தகம் படிக்கிற கருவிகளில் இருப்பது போன்ற மின்மைப் படலம். சட்டத்துக்குள் கடுகளவில் ஆறு கேமராக்கள். படத்தின் பெயர் 'பெயரிடப்படாதது - 9'.

"இது என்ன பண்ணும்?" என்று மாட்டும்போதே கேட்டேன். அட்டை எழுத வேண்டுமே.

"பாக்கறவங்களப் பாக்கும், மேடம்."

"பாத்து?"

"கண்ணு எங்க நிக்குதுன்னு பாக்கும். கண்பாப்பா விரியுதா, மூச்சு ஒரு நிமிஷம் தயங்குதான்னு பாக்கும். அது பாட்டுக்கு அங்கங்க சின்னச் சின்னதா கிறுக்கிக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு லட்சம் கிறுக்கல். எதுல கண்ணு நிக்குதோ அத வெச்சுக்கும். நிக்காதத அழிச்சிடும்."

"கடைசில என்ன படம் வரும்?"

"எனக்கே தெரியாது. வர்றவங்க எல்லாரும் சேந்து எதப் பாக்க ஆசப்படறாங்களோ அது வரும். சென்னையோட ஆசைன்னு வெச்சுக்கங்களேன்."

முதல் மூன்று வாரம் சென்னை எதற்கும் ஆசைப்படவில்லை. படத்தில் சாம்பல் நிறத் திட்டுகள் வந்து போய்க்கொண்டிருந்தன. நான்காவது வாரம் எங்கிருந்தோ ஒரு பழுப்பு வந்தது. பிப்ரவரி கடைசியில் அது ஓர் உருவமாகிவிட்டது. மேலே அடர்ந்த கறுப்பு, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் பழுப்பு, நடுவில் அரை வட்டமாக வளைந்த ஒரு வெளிறிய கோடு. அந்தக் கோட்டில் கண் வைத்தால் எடுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் அதை வளைகுடா என்றது. இன்னொன்று 'இடம்பெயர்ந்தவர்களின் கரையோர வரைபடம்' என்றது. நான் இரண்டையும் வெட்டி வாசலில் ஒட்டினேன். எங்கள் மாடிப்படியில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அதுவரை அந்தப் படியில் நின்றவர்கள் பல் பிடுங்க வந்தவர்கள்தான்.

மார்ச் மாதம் நன்மாறன் மடிக்கணினியோடு வந்து, படம் சேர்த்து வைத்திருந்த கணக்குகளைப் பார்த்தான். அரை மணி நேரம் டீயைத் தொடவில்லை.

"ஒரு சிக்கல், மேடம்."

"படம் ரிப்பேரா?"

"இல்ல. இது சென்னையோட ஆசை இல்ல." திரையை என் பக்கம் திருப்பினான். "வர்றவங்க சராசரியா பதினோரு விநாடி பாக்கறாங்க. அதுலயும் பாதி ஃபோன் வழியா. ஒரே ஒரு ஜோடிக் கண்ணு மட்டும் தெனம் எட்டு மணி நேரம் பாத்திருக்கு. வாரத்துல ஆறு நாள். படம் கத்துக்கிட்டதுல நூத்துக்குத் தொண்ணூத்தேழு அந்தக் கண்ணுலேருந்துதான்."

இருவரும் ஒரே சமயத்தில் வெளியே பார்த்தோம். ரெஜினா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விதிப்படி, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்மாறன் நேர்மையான பையன். ரெஜினா அக்காவின் பெயரை அட்டையில் போட்டே ஆக வேண்டும் என்றான்.

"உன் பேருக்குப் பக்கத்துல போட்டுடலாமா?" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அது சரி வராது மேடம். அவங்க எதுவும் செய்யல. பாத்தாங்க, அவ்வளவுதான். ஆனா அவங்க இல்லாம படம் இல்ல. சுண்ணாம்பு மாதிரின்னு வெச்சுக்கங்க."

ஆகவே ஊடகத்தில் சேர்த்தோம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினோம். ரெஜினா அட்டையின் அருகில் போய் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"ஊடகம்னா டிவி, பேப்பரு அத்தான மேடம்?"

"இங்க வேற. படம் எதால ஆகியிருக்கோ அது."

"சுண்ணாம்பு, சேல, கம்பி." கடைசிச் சொல்லில் விரல் நின்றது. "நானு."

"ஆமா."

"சரி மேடம். நாலு பேரு வந்து பாக்கற எடத்துல பேரு வந்துருக்கு." தன் இடத்துக்குப் போக இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். "ஆனா அது வளைகுடா இல்ல."

"பின்ன?"

"கொசுவத்தி."

எந்த முகபாவமும் இல்லாமல் சொன்னார். அவருக்கு ஜெசிந்தா என்று ஒரு மகள். ஒன்றரை வயதில் பின்னால் தவழ்ந்து, எரிகிற கொசுவத்திச் சுருளின் மேல் மல்லாந்து விழுந்தாள். பின்கழுத்தில் அரை வட்டமாகத் தழும்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் காலையில் தரையில் உட்கார்ந்து அம்மாவுக்கு முதுகைக் காட்டுவாள். ரெஜினா முடியைத் தூக்கிப் பிடித்துச் சீப்பைப் போடுவார். பன்னிரண்டு வருடம் அவர் தினமும் காலையில் முதலில் பார்த்தது அந்தத் தழும்பைத்தான். ஆறு வருடங்களுக்கு முன்னால் ஜெசிந்தா சாதிக் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு நாகூருக்குப் போய்விட்டாள்.

"அவ பேரு இனிமே இந்த வீட்ல வரக் கூடாதுன்னு அவரு சொல்ட்டாரு. என் ஃபோன் நம்பர மாத்திட்டாரு. இருந்த போட்டோவெல்லாம் எடுத்துனு போயிட்டாரு. இன்னா பண்ணாருன்னு நான் கேக்கல."

"படத்துல இருக்கறது அவதான்னு எப்பத் தெரிஞ்சுது?"

"பிப்ரவரில. மொதல்ல கறையாட்டம் இருந்துச்சு. ஒரு நாள் காலைல வந்து லைட்டப் போட்டேன். தல பின்ன ஒக்காந்துனு இருந்தா."

"வேணும்னா நன்மாறன்கிட்டச் சொல்லி அழிச்சிடச் சொல்லட்டுமா?"

"எதுக்கு மேடம். வீட்லதான் போட்டோ இல்ல."

வாசலில் ஒட்டியிருந்த 'வளைகுடா'வை நான் எடுக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் செங்கோட்டுவேலு வந்தார். ராசிபுரத்தில் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர். அறுபது வயதிருக்கும். யாரும் சொல்லாமலேயே செருப்பை மாடிப்படிக்குக் கீழே கழற்றிவிட்டு வந்தார். படத்தின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றார். ஃபோனை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் வந்து, "இதை எடுத்துக்கறேனுங்க" என்றார்.

நன்மாறன் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். இந்த அம்மா பார்க்காவிட்டால் படம் வழி தெரியாமல் அலையும், கொஞ்ச நாளில் பழையபடி சாம்பலாகிவிடும் என்றான்.

செங்கோட்டுவேலு கவனமாகக் கேட்டார். "அப்ப அந்தம்மாவையும் சேத்துத்தானுங்களே பேசோணும்."

அப்படித்தான் பேசினோம். மாதத்தில் பத்து நாள் ரெஜினா ராசிபுரத்துக்குப் போக வேண்டும். தங்க அறை, சாப்பாடு, பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"அங்க போயி இன்னா பண்ணணும்?" என்று ரெஜினா கேட்டார்.

"படத்தைப் பாக்கோணுமுங்க."

"இங்கயும் அத்தான் பண்றேன்."

"அங்க உக்காந்துக்கிட்டே பாக்கலாமுங்க."

அதை ரெஜினா யோசித்துப் பார்த்தது தெரிந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

இந்த விற்பனை எனக்கு எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டிடத்தின் சொந்தக்காரர் மாடியையும் பல் மருத்துவருக்கே கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். இது நடக்காவிட்டால் ஜூன் மாதம் நான் ஷட்டரை இறக்கியிருப்பேன்.

ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ரெஜினாவின் கணவர் லாரன்ஸ் வந்தார். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். விரல் இடுக்கில் கிரீஸ் இருந்ததால் பேனாவைத் துணியால் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். என்ன படம், எதற்காக மனைவி ராசிபுரம் போக வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போகும்போதுதான் படத்தைக் கடந்தார். கடந்து மூன்று அடி போனவர் திரும்பி வந்தார்.

"இது இன்னாது?" என்றார்.

லாரன்ஸ் இறங்கிப் போய்விட்டார். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். உச்சி வெயிலில், ஸ்கூட்டரின் மேல், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ரெஜினா கீழே போய் அவர் பக்கத்தில் நின்றார். பிறகு அவர் போனார், இவர் மேலே வந்தார்.

"தலவலியாம்" என்றார் ரெஜினா.

படம் விலைபோன செய்தி பத்திரிகையில் வந்தது. படத்துக்குப் பக்கத்தில் ரெஜினா நிற்கிற புகைப்படம் போட்டிருந்தார்கள். ஏப்ரல் பதினொன்றாம் தேதி காலை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

'வணக்கம். படத்தின் அருகில் நிற்பவர் என் அம்மா. அவருடைய புது எண் என்னிடம் இல்லை. என் எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து அவரிடம் கொடுக்க முடியுமா? எனக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்றும் சொல்லுங்கள். இப்படிக்கு, ஜெசிந்தா சாதிக்.'

அதை நான்கு தடவை படித்தேன். பிறகு செய்திருக்க வேண்டியது பத்து அடி நடந்து போய் ஃபோனை ரெஜினாவிடம் நீட்டுவது. நான் நன்மாறனைக் கூப்பிட்டேன்.

அவன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நல்ல விஷயம்தான் மேடம்."

"படம்?"

"படம் போயிடும்." கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "அக்காவுக்கு மக கெடைக்கலைங்கறதுலதான் இது ஓடுது. கெடைச்சிட்டா, படத்துல எதுக்குத் தேடப் போறாங்க? கண்ணு நிக்காது. ஒரு வாரத்துல சாம்பல்."

"முப்பதாந் தேதிதான் ராசிபுரத்துக்கு அனுப்பறோம்."

"தெரியும் மேடம்."

"ஆறு வருஷம் இருந்துட்டாங்க. இன்னும் பத்தொம்பது நாள்."

இதைச் சொன்னது நான். அவன் மறுக்கவில்லை. படியில் இறங்கும்போது மட்டும், "சொல்லிடுவீங்கள்ல?" என்று கேட்டான்.

"சொல்லாம?" என்றேன்.

அந்தப் பத்தொன்பது நாளும் ரெஜினா வழக்கம்போல வந்தார், வணக்கம் சொன்னார், நின்றார். நான்தான் வழக்கம்போல இல்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் கூட எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் காவலாளிக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அவர் அதில் உட்கார்ந்தார். நன்றி மேடம் என்றார்.

படம் சாம்பலாகவில்லை. ஆனால் மாறியது. ஒரு வாரத்தில் பழுப்பு கொஞ்சம் மங்கி, இடது பக்கத்தில் புதிதாக ஒன்று எழும்பத் தொடங்கியது. உயரமான ஒரு நீள்சதுரம். அதன் அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு. நடு உயரத்தில் வரிசையாக மூன்று புள்ளிகள். நன்மாறன் அதை வீடியோ எடுத்து ராசிபுரத்துக்கு அனுப்பினான். செங்கோட்டுவேலு உடனே எனக்கு ஃபோன் செய்தார்.

"முன்னதவிட இதுதான் நல்லாருக்குதுங்க. உள்ளார யாரோ இருந்துக்கிட்டு வெளிய வராம இருக்கற மாதிரியே இருக்குதுங்க."

நன்மாறன் கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டான். "கண்ணோட இழுப்பு ஜாஸ்தியாயிருக்கு மேடம். முன்ன இருந்ததவிட ஒண்ணரை மடங்கு. அக்கா ரொம்ப ஏங்கறாங்க போல."

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் பெட்டி செய்கிறவர்கள் அளவெடுக்க வந்தார்கள். ரெஜினா சாப்பிடப் போயிருந்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு வழிவிட நான் ஒதுங்கியபோது, ரெஜினாவின் ஸ்டூல் இருந்த இடத்தில் போய் நின்றேன். அந்தக் கண்காட்சி முழுவதும் நான் ஒரு தடவை கூட அந்த இடத்தில் நின்றதில்லை.

படத்தின் இடது ஓரத்தில் நன்மாறன் பளபளப்பான ஒரு மெழுகைப் பூசியிருந்தான். அந்த இடத்தில் நின்றால் அந்தப் பளபளப்பில் எனக்குப் பின்னால் இருக்கிற என் அறை தெரிந்தது. கண்ணாடிக் கதவு, அதன் அடியில் உள்ளே எரிகிற விளக்கின் கோடு. வருகிறவர்கள் கண்ணாடியில் முட்டிக்கொள்ளக் கூடாது என்று நானே கதவில் ஒட்டி வைத்த மூன்று ஸ்டிக்கர் பொட்டு. பிரதிபலிப்பும் படமும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்தியிருந்தன.

அளவெடுத்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். என் அறையில் போய் உட்கார்ந்தேன். ரெஜினா கை கழுவிவிட்டு வந்ததும் கூப்பிட்டேன்.

"உக்காருங்க, ரெஜினா."

உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கா. பதினொண்ணாந் தேதியே வந்துது. நான் உங்ககிட்ட சொல்லல."

"தெரியும் மேடம்."

"எப்படி?" என்றேன்.

"அன்னிக்கே எங்க சித்திகிட்ட நம்பர் வாங்கி எனக்கு அடிச்சிட்டா. உங்க மேடத்துக்கும் எழுதிக்கீறேம்மா, பதிலே காணோம்னா. நீ மறுபடி எழுதாதன்னு நாந்தான் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான்." மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெனம் பாப்பேன். திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிக்கீறீங்க. அந்தப் பளபளன்னு இருக்கற எடத்துல தெரியும்ல, அதுல பாப்பேன். நீங்க எழுந்திரிப்பீங்க. கதவாண்ட வருவீங்க. சரி, இப்ப சொல்லப் போறாங்கன்னு நெனப்பேன். வந்து, காப்பி இன்னும் வரலியான்னு கேப்பீங்க."

"மன்னிச்சிருங்க, ரெஜினா."

"சரி மேடம்" என்றார். ஸ்டூலுக்கு நன்றி சொன்ன அதே குரல்தான். "எனக்குப் பத்து நாளு லீவு வேணும். நாகூர் போயிட்டு வரணும்."

"போயிட்டு வாங்க. எத்தன நாள் வேணும்னாலும்." பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "வீட்ல... அவர்?"

"அவரு பேசல. நான் ஃபோன ஸ்பீக்கர்ல போட்டா, டிவி சத்தத்தக் கொறைக்கிறாரு."

"ராசிபுரம்?"

"அது வேணாம் மேடம். அந்தப் பெரியவரு நல்லவருதான். ஆனா போயி ஒக்காந்தா இனிமே எனக்கு அதுல பாக்க ஒண்ணும் இல்ல."

மறுநாள் ரெஜினா வரவில்லை. நாங்கள் பெட்டியில் போடவும் இல்லை. நான் செங்கோட்டுவேலுவுக்கு ஃபோன் செய்து, நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் மே நான்காம் தேதி வந்தார். அதற்குள் கதவு போய்விட்டது, பொட்டுகள் போய்விட்டன, கழுத்தின் நிழல் மாதிரி ஒன்று மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் சாம்பல்.

நடந்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். மின்னஞ்சலையும் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கொழந்தைய அந்தம்மா பாத்தாச்சுங்களா?"

"முந்தாநாள் போயிருக்காங்க."

"அது போதுமுங்க." படத்தின் முன்னால் போய் நின்றார். நன்மாறன் மெதுவாக, "இப்ப இது வெறும் பலகைங்க, ஐயா. வேணாம்னா நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றான்.

"இருக்கட்டுமுங்க. சுண்ணாம்பு இருக்குது, சேலை இருக்குது, கம்பி இருக்குது. கட்டிக் குடுங்க." பிறகு என்னைப் பார்த்து, "அந்த அட்டையை மட்டும் சரியா எழுதிக் குடுங்க" என்றார்.

ரெஜினாவின் பெயரை எடுத்துவிட்டுப் புது அட்டை எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டபடியே அது சரியாகத்தான் இருந்தது.

நான் ஷட்டரை இறக்கவில்லை. ரெஜினா பன்னிரண்டு நாள் கழித்து, பிளாஸ்டிக் டப்பா நிறைய நாகூர் அல்வாவோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். பேத்தியின் பெயர் அமீரா. படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் வணக்கம் சொல்கிறாளாம். இனிமேல் தன்னை உள்ளே நிறுத்த வேண்டாம், கீழே வாசலில் போட்டுவிடுங்கள் என்று கேட்டார். வெயில் அடிக்குமே என்றேன். பரவாயில்லை மேடம், போறவங்க வர்றவங்களப் பாக்கலாம் என்றார். இப்போது வாசலில் நிற்கிறார். பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களும் அவரிடம்தான் வழி கேட்கிறார்கள். உள்ளே நிற்பதற்கு வேறொருவரை எடுத்தேன். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

டிசம்பரில் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அப்படியே ராசிபுரத்துக்கும் போனேன். செங்கோட்டுவேலு வாசல் வரை வந்து கூட்டிப்போனார். ஆலை ஓரத்தில் வீடு. மாவு காய்கிற புளித்த வாசனை வீடு முழுக்க இருந்தது. படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

கணக்கெழுதும் அறைக்குக் கூட்டிப் போனார். சுவரில் என் அட்டை இருந்தது, எழுத்துப்பிழை இல்லாமல். படத்தின் மேல் ஓர் எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். மேல் மூலை இரண்டிலும் ஆணி அடித்திருந்தது.

"இப்ப அதை யாருக்கும் காட்டறதில்லைங்க" என்றார். கோபமில்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். "நல்லவேளை, அந்தம்மா வரமாட்டேன்னுட்டாங்க. வந்திருந்தா அது அவங்க தேடறதத்தான் காட்டியிருக்கும், எனக்கு இது கெடைச்சிருக்காதுங்க."

ஆலையிலிருந்து யாரோ கூப்பிட, அவர் போனார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். நான் குடிக்கும்வரை எதிரில் நின்றுகொண்டிருந்தார். வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தெனமும் காலைல ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு, துணிய வெலக்கி, இது முன்னால உக்காந்துக்கறாருங்க. ஆறு மாசமாச்சு. திரும்பி வரும்போது கண்ணு செவந்திருக்குது, ஆனா சாப்பாடு நல்லாச் சாப்பிடறாருங்க. அதுல என்னதானுங்க இருக்குது? நீங்க வித்த படம்தானுங்களே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நம்பாதவர்கள் சொல்வது போல, "சரிங்க" என்று சொல்லிவிட்டு, டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார்.